முதல் வெளிநாட்டு ரேஸுக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

வேலூரிலிருந்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். விடியற்காலை நாலு மணிக்குச் சத்துவாச்சாரியில் குட்டியானையில் பைக்கை ஏற்றிக் கயிறு கட்டினால், வாலாஜா டோல்கேட் தாண்டி, காவேரிப்பாக்கம் ஏரி பக்கம் ஒரு டீ குடித்துவிட்டு, ஏழு மணிக்குள் பேடாக்கில், அதாவது ரேஸ் வண்டிகளை நிறுத்தித் தயார் செய்யும் இடத்தில், வண்டியை இறக்கிவிடலாம். 1990-ல் திறந்த டிராக் அது, 3.717 கிலோமீட்டர் நீளம், 12 வளைவு. இவ்வளவு கிட்டத்தில் அப்படி ஓர் இடம் இருப்பதால்தான் குடியாத்தம், ஆற்காடு, வாணியம்பாடிப் பக்கத்துப் பிள்ளைகள்கூட ரேஸ் என்று கனவு காண முடிகிறது. அதில் ஒருவன் ஆசிய அளவிலான போட்டிக்கு முதன்முறையாக மலேசியாவின் செபாங் போனபோது மெக்கானிக் வேலைக்கு நானும் கூடப் போனேன். அங்கே பார்த்ததையும், அதற்கு முன்னால் பத்து வருஷம் டிராக் ஓரத்தில் நின்று பார்த்ததையும் வைத்து எழுதுகிறேன். அடுத்து போகிற பிள்ளைகளும் அவர்களின் அப்பா அம்மாவும் படிக்க வேண்டும் என்பதுதான் ஆசை.

முதல் தவறு வண்டியில் ஏறுவதற்கு ரொம்ப முன்னாலேயே நடந்துவிடுகிறது. பெயரில். நம் ஊரில் எல்லோருக்கும் இனிஷியல். ஆதாரில் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து எழுதி வேறு மாதிரி, ரேஸ் லைசென்ஸில் கிளப்காரர் கேட்டபோது வாயால் சொன்ன மாதிரி. உள்ளூர் ரேஸில் இதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். வெளிநாட்டுப் போட்டிக்குப் பதிவு செய்யும்போது லைசென்ஸ், பாஸ்போர்ட், விமான டிக்கெட், இன்சூரன்ஸ் நாலும் ஓர் எழுத்து பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். நம் பையனுக்கு இதைச் சரிசெய்யவே ஒன்றரை மாதம் போனது, அந்த ஒன்றரை மாதத்தில் அவன் டிராக்கில் கால் வைக்கவில்லை. அப்புறம், உள்ளூர் லைசென்ஸ் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அந்தப் போட்டிக்கு உரிய சர்வதேச லைசென்ஸ் தனி. வெளிநாட்டில் ஓட்ட நம் தேசியக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ தரும் அனுமதிக் கடிதம் தனி. சொந்த வண்டியையோ உதிரி இன்ஜினையோ கொண்டுபோவதாக இருந்தால் சுங்கத்துக்கு ஏடிஏ கார்னே என்ற தற்காலிக ஏற்றுமதிப் பத்திரம் வேண்டும், அதை இந்தியாவில் ஃபிக்கி தருகிறது. இதையெல்லாம் ஆறு மாதம் முன்னாலேயே ஆரம்பியுங்கள்.

அடுத்தது லெதர் சூட். இதில் நமக்கு ஒரு தனிப் பெருமை உண்டு, அந்தப் பெருமையே ஆபத்தாகவும் ஆகிவிடுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று சுற்றிலும் தோல் ஊர்கள். வீட்டுக்கு ஒருவராவது தோல் ஷாப்பிலோ ஷூ கம்பெனியிலோ வேலை பார்க்கிறார். "வெளியில் லட்சக்கணக்கில் கொடுத்து வாங்குவானேன், மாமாவிடம் சொன்னால் தைத்துக் கொடுப்பார்" என்று தோன்றுவது இயல்பு. மாமாவின் கைவேலையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஷூ மேல்பாகத்துக்கு வெட்டுகிற தோலும் ரேஸ் சூட்டுக்கு வேண்டிய தோலும் ஒன்றல்ல. 1.5 மில்லிமீட்டர் பசுத்தோலுக்கு ஈடான தாங்குதிறன் வேண்டும் என்பது உலக மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பான எஃப்ஐஎம்மின் கணக்கு. ஸ்ப்ளிட், அதாவது மேல் அடுக்கைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் அடித்தோல், கூடாது. தோள், முழங்கை, இடுப்பு, முட்டி, முதுகு எல்லாம் இரட்டைத் தோலோ தடித்த ஃபோமோ வைத்திருக்க வேண்டும். தோலை விடத் தையல்தான் முக்கியம். ஒருமுறை டிராக்கில் விழுந்து முப்பது மீட்டர் வழுக்கிப் போன ஒரு சூட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பின்பக்கத் தோல் கறுத்துத் தேய்ந்திருந்தது, ஓட்டை விழவில்லை. ஆனால் மேலே தெரிகிற மாதிரிப் போட்ட ஒற்றைத் தையலில் நூல் முழுக்க உரசிப் போய், விரல் நுழைகிற அளவுக்கு வாய் பிளந்திருந்தது. தரையில் படாதபடி உள்ளே மறைத்துப் போட்ட இன்னொரு வரிசைத் தையல் இருந்திருந்தால் அது பிளந்திருக்காது.

சூட் வாங்குகிறபோது நின்றபடி போட்டுப் பார்த்து "நல்லா வசதியா இருக்கு" என்று சொன்னால் அது தப்பான சூட். நிற்கும்போது தோளை முன்னால் இழுக்க வேண்டும், கழுத்துப் பக்கம் கொஞ்சம் இறுக்க வேண்டும். பைக்கில் ஏறி டாங்கில் நெஞ்சை வைத்துக் குனிந்தால்தான் உடம்போடு பொருந்த வேண்டும். லொடலொட என்று இருக்கும் சூட்டில் விழும்போது முழங்கைப் பேட் கையின் அந்தப் பக்கம் சுற்றிக்கொள்ளும், பேட் இல்லாத இடம்தான் தரையில் படும். ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரை நம் ரோட்டுக்குச் சட்டம், அங்கே அது செல்லாது. எஃப்ஐஎம் அங்கீகாரத்துக்கான க்யூஆர் லேபிள் தாடைப் பட்டையில் இருக்கிறதா என்று பார்த்து, அந்தப் போட்டியின் விதிப்புத்தகம் எதைக் கேட்கிறதோ அதை வாங்குங்கள்.

ஸ்க்ரூட்டினியில், அதாவது ரேஸுக்கு முன்னால் அதிகாரிகள் வண்டியைச் சோதிக்கும்போது, திருப்பி அனுப்பப்படுவது பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயத்துக்குத்தான். பிரேக், கிளட்ச் லீவர் நுனியில் இருக்கும் உருண்டை குறைந்தது 16 மில்லிமீட்டர் விட்டம் இருக்க வேண்டும். விழுந்து நுனி உடைந்த லீவரை அரத்தால் ராவிச் சீராக்கி மாட்டியிருப்பான் பையன், நம் ஊரில் அது சமாளிப்பு, அங்கே ஆகாது. ரேடியேட்டரில் கூலன்ட் ஊற்றியிருந்தால் காலி செய்யச் சொல்வார்கள், டிராக்கில் கொட்டினால் பின்னால் வருகிறவர்கள் வழுக்கி விழுவார்கள் என்பதால் தண்ணீர் மட்டும்தான். ஆயில் டிரெயின் போல்ட் கழன்றுவிடாமல் இருக்க லாக் வயர் போட்டிருந்தால் மட்டும் போதாது, போல்ட் இறுகுகிற திசையில் இழுத்துக் கட்டியிருக்கிறதா என்று விரலால் தட்டிப் பார்ப்பார்கள். கழல்கிற திசையில் கட்டிய வயர், கட்டாத வயர் மாதிரித்தான்.

இப்போது சொல்லப் போவதில் சிலருக்குக் கோபம் வரலாம், பரவாயில்லை. ஏலகிரி மலைப்பாதை ரேஸ் பிராக்டீஸுக்கான இடம் இல்லை. 14 கொண்டை ஊசி வளைவு, தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே முட்டியைத் தேய்த்துப் படம் எடுத்துப் போடுகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும், அதில் இரண்டு பேருக்கு உண்மையான திறமை இருக்கிறது. உயிராபத்து ஒருபுறம் இருக்கட்டும், பேருந்தில் ஏறி வருகிற குடும்பம் உங்கள் முட்டிக்காக அந்தப் பாதையில் வரவில்லை என்பதும் ஒருபுறம் இருக்கட்டும். ரேஸ் கண்ணோடு பார்த்தாலே அது கெட்ட பழக்கத்தைக் கற்றுத் தருகிறது. மலைப்பாதையில் எதிரே என்ன வருமோ என்று கண் பதினைந்து, இருபது மீட்டருக்குள்ளேயே நிற்கும். டிராக்கில் கண் அடுத்த வளைவின் வாயில் இருக்க வேண்டும். மலைப்பாதையில் நம் பாதி ரோட்டுக்குள் மட்டும் வளைவை எடுப்போம், டிராக்கில் முழு அகலத்தையும் பயன்படுத்த வேண்டும். மலையில் ஆயிரம் முறை ஏறி இறங்கியவன் டிராக்கில் வெளி விளிம்பில் ஒன்றரை மீட்டர் தார் சும்மா கிடக்க, நடுவிலேயே வளைந்து போவதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒன்றரை மீட்டரை மீட்க அவனுக்கு ஒரு சீசன் ஆனது. உடம்பைத் தயார் செய்ய வேண்டுமா, அமிர்தி ரோட்டில் காலையில் சைக்கிள் மிதியுங்கள். வண்டி பழக வேண்டுமா, பணம் சேர்த்து இருங்காட்டுக்கோட்டையில் டிராக் டே, அதாவது கட்டணம் கட்டி டிராக்கில் ஓட்டிப் பழகும் நாள், போடுங்கள்.

"வேலூர் வெயிலிலே வளர்ந்தவன், எனக்கு எந்த ஊர் வெயில் என்ன செய்யும்?" இதையும் கேட்டிருக்கிறேன். கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர் நம்முடையது என்பது உண்மை. ஆனால் நம் வெயில் காய்ந்த வெயில், வியர்வை வந்த வேகத்தில் காய்ந்து உடம்பைக் கொஞ்சமாவது குளிரவைக்கும். செபாங்கில் 33 டிகிரிதான் காட்டும், காற்றில் அவ்வளவு ஈரம். லெதருக்குள் வியர்வை ஊறிக்கொண்டே இருக்கும், காயாது, சூடு வெளியே போகாது. நம் பையன் முதல் செஷன் முடிந்து வந்து கையுறையைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தான், தண்ணீர் சொட்டியது. தாகம் எடுத்த பிறகு குடித்தால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு செஷனுக்கு முன்னாலும் பின்னாலும் எடை பாருங்கள், ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது, அதை உப்புச் சர்க்கரைக் கரைசலோடு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப ஊற்றுங்கள். வெறும் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தால் வயிறு கலங்கும், அவ்வளவுதான்.

மழையும் அப்படித்தான். பாலாறு மணலாகக் கிடக்கிற ஊரிலிருந்து போகிறோம். அங்கே மதியம் வரைக்கும் சுள்ளென்று அடித்த வெயில் மூன்று மணிக்கு இருட்டிக்கொண்டு கொட்டும். ஈரத் தரைக்கான மழை டயரில் ஒருமுறைகூட ஓட்டாமல் விமானம் ஏறாதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் டிராக் டே காலியாக இருக்கும், அன்றைக்குப் போங்கள்.

சரி, இப்போது டிராக்குக்குள். மற்றதெல்லாம் தவறினால் பணமும் நேரமும் போகும், இது தவறினால் அறிமுகமே போய்விடும்.

இருங்காட்டுக்கோட்டையின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் நம் பையனுக்கு மனப்பாடம், எந்த வளைவில் எந்தத் தார் ஒட்டில் பிரேக் பிடிக்க வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். செபாங் 5.543 கிலோமீட்டர், 15 வளைவு. கடைசி வளைவுக்கு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட 900 மீட்டர் நேர்ப்பாதை. முதல் பிராக்டீஸில் இரண்டாவது சுற்றிலேயே அவன் முழு வேகத்துக்குப் போனான். ஊரில் வளைவுக்கு 100 மீட்டர் முன்னால் நிற்கும் தூரப் பலகையில் பிரேக் பிடித்துப் பழகிய கை, இங்கேயும் 100 பலகையைத் தேடியது. ஆனால் நேர்ப்பாதை நீளமாக இருப்பதால் அந்தப் பலகைக்கு வரும்போது வண்டி ஊரில் வருகிற வேகத்தைவிட அதிக வேகத்தில் இருந்தது. கடைசி வளைவில் நேராக ஜல்லிக்குள் போய்விட்டான். விழவில்லை, நல்ல வேளை. ஆனால் ரேடியேட்டர் முழுக்கக் கல், அந்த செஷனில் மீதி நேரம் முழுக்க நான் அதைச் சுரண்டிக்கொண்டிருந்தேன், அவன் பக்கத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் செஷனில் யாருக்கும் எதையும் நிரூபிக்கப் போகாதீர்கள். அந்த நேரத்துக்குக் கோப்பை கிடையாது. முந்தின நாள் டிராக்கை நடந்தே சுற்றுங்கள், நடந்தால்தான் வளைவின் ஓரத்துக் கெர்ப் கல் எவ்வளவு உயரம், தண்ணீர் எங்கே தேங்கும், வளைவு எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று காலுக்குத் தெரியும். முதல் ஐந்து சுற்று ஒரு கியர் கூட்டி வைத்து, சத்தமில்லாமல் ஓட்டி, ஒவ்வொரு வளைவுக்கும் மூன்று விஷயத்தை மட்டும் பிடியுங்கள்: எங்கே பிரேக், எங்கே திருப்பம், எங்கே ஆக்ஸிலரேட்டர். செஷன் முடிந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் பிட்டில், அதாவது டிராக் ஓரத்தில் வண்டி வந்து நிற்கும் இடத்தில், யாராவது நோட்டும் பேனாவுமாக நின்று அதைக் கேட்டு எழுத வேண்டும். பத்து நிமிடம் தள்ளினால் மறந்துவிடும். சொந்த வண்டி கொண்டுபோனால், ஊரில் போட்ட அதே ஸ்ப்ராக்கெட்டோடு (செயின் ஓடும் பல்சக்கரம்) போகாதீர்கள், இரண்டு மூன்று அளவு கையில் இருக்கட்டும். நேர்ப்பாதையின் பாதியிலேயே ஆறாவது கியர் கத்த ஆரம்பித்தால் மீதிப் பாதி முழுக்க எல்லோரும் உங்களைத் தாண்டிப் போவார்கள்.

தகுதிச் சுற்றை நம் ஊர்க்காரர்களுக்குப் புரியவைக்க நான் எப்போதும் எருது விடும் விழாவைச் சொல்வேன். தை மாதத்தில் நம் பக்கத்துக் கிராமங்களில் காளையைத் தெருவில் ஓடவிட்டு, குறிப்பிட்ட தூரத்தை எத்தனை நொடியில் கடந்தது என்று பார்ப்பார்களே, அதே கணக்கு. கூட ஓடுகிற காளை கிடையாது, கடிகாரத்தோடுதான் போட்டி. தகுதிச் சுற்றும் கடிகாரத்தோடுதான். முதலிடக்காரரின் நேரத்தில் குறிப்பிட்ட சதவீதத்துக்குள் வராவிட்டால் ரேஸில் நிற்கவே முடியாது. கிராண்ட் பிரீயில் நெடுங்காலம் அது 107 சதவீதமாக இருந்தது, அதாவது அவர் 100 நொடியில் சுற்றினால் நீங்கள் 107 நொடிக்குள். புதுப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்றால், வேகமான ஒருவர் பின்னால் காற்று மறைவில் போய் நேரம் எடுக்கலாம் என்று மெதுவாகக் காத்துக் காத்து, கடைசி இரண்டு நிமிடத்தில் மஞ்சள் கொடி விழுந்து, ஒரு நல்ல சுற்றுகூட இல்லாமல் திரும்பி வருகிறார்கள். முதலில் தனியாக ஒரு பத்திரமான நேரத்தைப் போட்டுவிடுங்கள். அப்புறம் யார் பின்னாலும் போகலாம்.

ரேஸ் அப்படி இல்லை. தேசிய போட்டியில் முன்னால் மூன்று வண்டி, அப்புறம் இடைவெளி, அப்புறம் நாலு வண்டி என்று பிரிந்துவிடும். ஆசியப் போட்டியில், அதிலும் 250 சிசி மாதிரிச் சின்ன வகுப்புகளில், பத்துப் பன்னிரண்டு வண்டி ஒரே கொத்தாக வளைவுக்குள் நுழையும். தோள் தோளில் இடிக்கும். பழகாதவன் கை தானாக ஆக்ஸிலரேட்டரை விடும். ஆசிய சாம்பியன்ஷிப்பில் ஒவ்வொரு ஊர்ப் போட்டியிலும் இரண்டு ரேஸ், சனிக்கிழமை ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஒன்று. முதல் ரேஸில் எட்டாவதாக வந்தாலும் பதினெட்டாவதாக வந்தாலும் முடியுங்கள், கொத்துக்குள் எப்படி மூச்சு விடுவது என்று அதில்தான் தெரியும், ஞாயிற்றுக்கிழமை ரேஸ் வேறு மாதிரி இருக்கும். சி.எஸ். சந்தோஷ் 2015-ல் டக்கார் ராலி என்ற நீண்ட பாலைவனப் போட்டியை முடித்த முதல் இந்தியர் ஆனார், இடம் 36. ஹரித் நோவா 2020-ல் முதல் டக்கார் ஓட்டி, 2024-ல் ராலி 2 பிரிவை வென்று ஒட்டுமொத்தமாகப் பதினொன்றாவது வந்தார். நாலு வருஷ இடைவெளியைப் பாருங்கள். சென்னை ரைடர் சரத்குமார் 2011-ல் 125 சிசி உலக சாம்பியன்ஷிப்புக்குப் போனபோது நம்மிடமிருந்து அந்த வழியில் முன்னால் போனவர் என்று யாருமே இல்லை. இன்றைக்குப் போகிற பிள்ளைக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். கேளுங்கள்.

ரைடர்ஸ் மீட்டிங் முழுக்க ஆங்கிலத்தில் நடக்கும், வேகமாகப் பேசுவார்கள். தமிழ் வழியில் படித்த பிள்ளை எல்லோரும் தலையாட்டும்போது தானும் ஆட்டிவிட்டு வந்துவிடுகிறான். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை, ஆனால் புரியாமல் வருவது ஆபத்து. அன்றைக்குக் காலையில் மாற்றிய ஏதாவது ஒரு விதி அந்த மீட்டிங்கில்தான் சொல்லப்பட்டிருக்கும். கூட வருகிறவர் யாராவது உட்கார்ந்து எழுதி, வந்து தமிழில் சொல்ல வேண்டும். மஞ்சள் கொடி ஆட்டினால் முந்தக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். கறுப்புக் கொடியில் ஆரஞ்சு வட்டத்தோடு உங்கள் எண்ணைக் காட்டினால் வண்டியில் ஆபத்தான கோளாறு, உடனே டிராக்கை விட்டு ஓரம் கட்ட வேண்டும், பிட் வரைக்கும் ஓட்டிக்கொண்டு வரலாம் என்று நினைத்தால் தண்டனை. மஞ்சள் கொடியில் சிவப்புக் கோடு என்றால் தரை வழுக்கும். பிட் லேனில் வேகம் வழக்கமாக 60 கிலோமீட்டர், 62-ல் போனாலும் பணம் கட்ட வேண்டியதுதான்.

மருந்து விஷயத்தில் அம்மாக்கள் கவனிக்க வேண்டும். சளி பிடித்தால் மருந்துக் கடையில் கேட்டு வாங்கித் தரும் மாத்திரையில் சூடோஎஃபெட்ரின் இருக்கலாம், போட்டி நாளில் அது அளவுக்கு மேல் உடம்பில் இருந்தால் ஊக்கமருந்துக் குற்றம். விழுந்து தோள் வீங்கினால் தெரு முனை கிளினிக்கில் போடும் ஸ்டீராய்டு ஊசி, 2022-லிருந்து போட்டிக் காலத்தில் எந்த இடத்தில் போட்டாலும் தடை. லேகியம், புரோட்டீன் பவுடர் எல்லாவற்றிலும் உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று உத்தரவாதம் கிடையாது. தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான நாடாவின் மருந்து பார்க்கும் செயலியில் பெயரைப் போட்டுப் பார்த்துவிட்டு வாயில் போடுங்கள். உண்மையிலேயே மருந்து தேவைப்பட்டால் மருத்துவரிடம் கடிதம் வாங்கி முன்கூட்டியே விலக்கு கேட்கலாம், அதற்கு வழி இருக்கிறது.

பையன் கிளம்புவதற்கு முன்னால் காட்பாடி ரயில் நிலையம் எதிரில் ஃபிளெக்ஸ் வைக்காதீர்கள். வந்த பிறகு வையுங்கள், எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும். "வெற்றி பெற்றுத் திரும்ப வாழ்த்துகிறோம்" என்று போட்டு, நாற்பது பேர் படத்தையும் போட்டுவிட்டால், அந்த நாற்பது பேரும் அவனோடு கிரிட்டில், ரேஸ் தொடங்கும் கோட்டில், வந்து நிற்கிறார்கள். ரேஸ் காலையில் வீடியோ கால் வேண்டாம், அம்மா குரல் கேட்டால் போதும், இரண்டு நிமிடம். முந்தின ராத்திரி தெரியாத ஊர் சாப்பாட்டில் சோதனை செய்யாமல், கொண்டுபோன அரிசியில் தயிர்சாதம் பிசைந்து கொடுங்கள். பிரியாணி திரும்பி வந்து ஆம்பூரில் சாப்பிடலாம்.

கடைசியாக ஒன்று, இதை மெதுவாகப் படியுங்கள். தலை அடிபட்டு விழுந்தால் மறைக்காதீர்கள். இவ்வளவு செலவு செய்து வந்திருக்கிறோம், அப்பா நகையை வைத்து அனுப்பியிருக்கிறார், டாக்டர் ரேஸ் ஓட்டக்கூடாது என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் பிள்ளைகள் "ஒண்ணுமில்லண்ணா, நல்லாதான் இருக்கேன்" என்பார்கள். நம் பையனும் சனிக்கிழமை ரேஸில் மூன்றாவது சுற்றில் விழுந்து எழுந்து வந்து அப்படித்தான் சொன்னான். இன்று என்ன கிழமை என்று கேட்டேன், சரியாகச் சொன்னான். எந்த வளைவில் விழுந்தாய் என்று கேட்டேன். யோசித்தான். கையுறையைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்து "கோட்டை டிராக்ல அந்த நாலாவது வளைவுதானே அண்ணா?" என்றான். நான் அவன் கையைப் பிடித்து மெடிக்கல் சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை ரேஸை அவன் பிட் சுவரில் சாய்ந்து நின்று பார்த்தான், கையில் நோட்டோடு, ஒவ்வொரு வண்டியும் கடைசி வளைவுக்கு எங்கே பிரேக் பிடிக்கிறது என்று எழுதிக்கொண்டு.